58 மணி நேரம் 32 ஆன கதை: பாளையங்கோட்டையில் இருந்து ஃப்ரீமான்ட் வரை

மகள் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். 2019இல் அவளுடைய பேறுகாலத்துக்கு நானும் வீட்டம்மாவும் கிளம்பியபோது, "இருபது மணி நேரம்தாம்ப்பா, துபாய்ல ஒரு தடவ எறங்கி ஏறணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. விமானம் பறக்கிற நேரத்தைக் கூட்டினால் இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஆனால் பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீட்டு கேட்டைப் பூட்டியதில் இருந்து அவள் வீட்டுச் சோபாவில் போய் உட்கார்ந்த வரைக்கும் என் கைக்கடிகாரப்படி 58 மணி நேரம் ஆனது. 2024இல் இரண்டாவது தடவை, சென்னைக்குப் போகாமல் திருவனந்தபுரத்தில் ஏறிப் போனோம். அதே துபாய், அதே சான் பிரான்சிஸ்கோ, 32 மணி நேரம். விமானம் ஒன்றும் வேகமாகப் பறந்துவிடவில்லை, வானத்தில் இரண்டு தடவையும் அதே இருபது மணி நேரச் சொச்சம்தான். மிச்சமான 26 மணி நேரமும் தரையில் மிச்சமானது, அதிலும் முக்கால்வாசிக்கு மேல் திருநெல்வேலிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நடுவில்.

இதை எழுதக் காரணம், எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், யாராவது கிளம்பும்போதெல்லாம் "அண்ணாச்சி, எம்புட்டு நேரம் ஆவும்?" என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சப்-ஸ்டேஷன் ஷிப்டில் மணிக்கொரு தரம் ரீடிங் எழுதி எழுதி, எதற்கும் நேரம் குறித்து வைப்பது கையோடு வந்துவிட்டது. இரண்டு பயணத்துக்கும் சட்டைப் பையில் சின்ன டைரி வைத்திருந்தேன். கையில் கட்டியிருந்த பழைய எச்.எம்.டி. வாட்சை எந்த ஊரிலும் திருப்பி வைக்கவில்லை, போக வர நம்மூர் நேரத்திலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே வருகிற நேரக் கணக்கெல்லாம் அந்த டைரியில் இருப்பது.

முதல் பயணத்தில் விமானத்தையே கோட்டை விட இருந்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் சென்னையில் இருந்து புறப்பாடு புதன்கிழமை 04:00 என்று இருந்தது. நான் அடுப்படியில் தொங்குகிற தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாளை வட்டம் போட்டுவிட்டு, முந்தின நாள், அதாவது செவ்வாய் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு பெர்த் போட்டுவிட்டேன். ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், அப்புறம் விமானம், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? டீக்கடையில் இதைச் சொன்னபோது கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, புதன் காலைல நாலு மணின்னா அது செவ்வா ராத்திரில்லா? அன்னைக்கு நாலு மணிக்கு நீங்க விழுப்புரத்துல ரயிலுக்குள்ள ஒறங்கிக்கிட்டு இருப்பிய, பிளேன் ஒங்க தலைக்கு மேல போவும்" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. முப்பத்துநாலு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன், ராத்திரி பன்னிரண்டு தாண்டினால் தேதி மாறும் என்று லாக் புக்கில் தினம் எழுதியவன், எனக்கே இப்படி. பிறகு திங்கட்கிழமை ராத்திரிக்குத் தட்கலில் அடித்துப் பிடித்து வாங்கினோம். நம் பக்கத்தில் இருந்து வெளிநாடு போகிற விமானங்களில் நிறைய நடுச்சாமத்தில்தான் கிளம்புகின்றன. டிக்கெட் கைக்கு வந்ததும் தேதியைப் பார்க்காதீர்கள், "எந்த ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புகிறோம்" என்று பாருங்கள். காலண்டரில் அந்த ராத்திரியை வட்டம் போடுங்கள்.

டிக்கெட்டில் இன்னொரு மாயம் உண்டு. துபாயில் இருந்து காலை 8:50க்குக் கிளம்பி சான் பிரான்சிஸ்கோவில் பகல் 1:50க்கு இறங்குகிறது என்று போட்டிருந்தது, அதே தேதி. என் மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு மணி நேரமா அத்தான்? நம்ம மதுரைக்குப் போயிட்டு வர்ற நேரம்லா!" என்றார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கழித்தால் தப்பாகத்தான் வரும். நான் கண்டுபிடித்த சுலபமான வழி, இரண்டையும் நம்மூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஆக 8:50 என்பது நமக்குக் காலை 10:20. சான் பிரான்சிஸ்கோ கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், ஆக அங்கே பகல் 1:50 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 2:20. இப்போது கழியுங்கள், பதினாறு மணி நேரம். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறில் இருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரைக்கும், அப்போது வித்தியாசம் பதிமூன்றரை. இது தெரியாமல் நவம்பரில் மகளுக்கு வழக்கமான நேரத்துக்குப் போன் போட்டு அவளை ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு, என்னையும் சேர்த்து.

சரி, தூரத்துக்கு வருவோம். திருநெல்வேலிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நூல் பிடித்தாற்போல் அளந்தால் ஏறக்குறைய 14,450 கிலோமீட்டர். இதை நான் நிஜமாகவே நூல் பிடித்துத்தான் பார்த்தேன். பேரனுக்காக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பூகோள உருண்டை, வீட்டம்மா பூக்கட்டுகிற நூல். உருண்டையின் இடுப்பைச் சுற்றி அளந்தால் 63 சென்டிமீட்டர் வந்தது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்பது நமக்குத் தெரியும். நூலின் ஒரு நுனியைக் கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் மேலே விரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுத்தேன், 23 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பெருக்கினால் அதே பதினாலாயிரத்துச் சொச்சம். ஆச்சரியம் தூரத்தில் இல்லை, நூல் போன வழியில். நான் பள்ளிக்கூடத்துச் சுவர் மேப்பை மனசில் வைத்துக்கொண்டு, மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும் என நினைத்திருந்தேன். நூலோ நேரே வடக்கே ஏறி, திபெத், பைகால் ஏரிப் பக்கம், கிழக்குச் சைபீரியா, அலாஸ்கா என்று சுற்றி மேலிருந்து கலிபோர்னியாவுக்குள் இறங்கியது. தட்டை மேப்பில் சுற்று வழி மாதிரித் தெரிவது உருண்டையில் குறுக்கு வழி. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை ஒரு தடவை செய்து காட்டுங்கள், பத்து நிமிஷ வேலை.

ஆனால் அந்த வழியில் நம்மைக் கொண்டுபோக ஆள் இல்லை. நடுவில் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. திருவனந்தபுரத்தில் இருந்து துபாய் 2,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, துபாயில் இருந்து சான் பிரான்சிஸ்கோ 13,040, மொத்தம் கிட்டத்தட்ட 16,000. சிங்கப்பூர் வழியாகப் போனால் 3,100உம் 13,590உம் சேர்ந்து 16,700. சென்னையில் இருந்து லண்டன் வழியாகப் போனால் 8,200உம் 8,600உம், 16,800. கிழக்கே போங்கள், மேற்கே போங்கள், வடமேற்கே போங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான் வித்தியாசம், விமானத்துக்கு அது ஒரு மணி நேரம். நாம் என்னவோ துபாயா சிங்கப்பூரா லண்டனா என்று ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் "வீட்டில் இருந்து எந்த விமான நிலையத்துக்கு" என்று யோசித்திருந்தால் ஒரு நாளே மிச்சமாகியிருக்கும்.

விமான நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட நான் வைத்திருக்கிற சூத்திரம் இது. கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 13,040க்குப் போட்டுப் பார்த்தால் பதினாறு மணி நேரம் வருகிறது. 2,930க்குப் போட்டால் நாலே கால். இரண்டும் என் டைரியோடு ஒத்துப்போகிறது. தூத்துக்குடியில் இருந்து சென்னைக்கு ஓடுகிற காற்றாடி விமானத்துக்கு இது ஒத்துவராது, அது மெதுவாகப் போகும், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

முதல் பயணத்தின் 58 மணி நேரம் எங்கே போனது என்று பார்ப்போம். திங்கள் ராத்திரி ஏழரைக்கு வீட்டைப் பூட்டினோம். காலை ஏழுக்கு எழும்பூர், பதினொன்றரை மணி நேரம். அங்கிருந்து குரோம்பேட்டையில் சொந்தக்காரர் வீடு. குளித்து, சாப்பிட்டு, படுத்து, எழுந்து, மறுபடி சாப்பிட்டு, "இன்னும் எத்தன மணி நேரம் இருக்கு?" என்று வீட்டம்மா பதினைந்து தடவை கேட்டு, நடுராத்திரி விமான நிலையத்துக்குப் போய், விடிகாலை நாலு மணிக்கு ஏறுகிற வரைக்கும் சென்னையில் மட்டும் 21 மணி நேரம். படித்துப் பாருங்கள், துபாயில் இருந்து அமெரிக்கா போகிற நேரத்தை விட இது அதிகம். துபாய்க்கு நாலே கால், அங்கே இரண்டு மணி நேரம், பிறகு பதினாறு. சான் பிரான்சிஸ்கோவில் குடிவரவு வரிசை, பெட்டி, கார், ஏரி மாதிரிக் கிடக்கிற விரிகுடா மேலே பெரிய பாலம், ஃப்ரீமான்ட் வீடு, எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல். சென்னையில் அந்த ஒரு பகல் வீணாகாமல் இருக்க இப்போது வழி இருக்கிறது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் வந்துவிட்டது, காலை ஆறு மணி வாக்கில் கிளம்பினால் பகல் இரண்டுக்கு முன்னால் எழும்பூர். அதிலே போயிருந்தால் 58 என்பது 48 ஆகியிருக்கும். ஆனாலும் எனக்குத் திருவனந்தபுரம்தான்.

அதற்கு முன்னால் அந்தப் பதினாறு மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாதம். துபாயில் காலை வெயிலில் ஏறினோம். எதிரே இருந்த திரையில் குட்டி விமானம் ஈரான், கஜகஸ்தான், ரஷ்யா என்று நேரே வடக்கே ஏறிக்கொண்டே போனது, வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய், அப்புறம் கனடா வழியாகத் தெற்கே இறங்கியது. உருண்டையில் பார்த்தால் துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் துருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏறக்குறைய நேர் எதிரே இருக்கின்றன, அதனால் உச்சியைத் தாண்டிப் போவதுதான் கிட்ட வழி. ஜூனில் துருவத்தில் சூரியன் மறையாது. பணிப்பெண்கள் ஜன்னல் மறைப்பை எல்லாம் இறக்கி விளக்கை அணைத்து ராத்திரி மாதிரி ஆக்கிவிட்டார்கள். என் வாட்சில் ராத்திரி ஒன்பது இருக்கும், வீட்டம்மா மறைப்பை ஒரு விரல்கடை தூக்கிப் பார்த்தாள். பளீரென்று வெயில், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, நடுநடுவே கறுப்புக் கீறலாகத் தண்ணீர், உடைந்த அப்பளம் மாதிரி. "இன்னும் பொழுது அடையலையா?" என்றாள். அடையவே இல்லை. நம்மூர்க் கணக்கில் விடிய விடிய வெயிலிலேயே போய் இறங்கினோம். அதற்கப்புறம் பத்து நாள் எங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு பசித்தது, மருமகன் எழுந்து வந்து பார்த்தால் அடுப்பில் உப்புமா. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து கூட உட்கார்ந்துகொண்டார்.

2024க்கு வருகிறேன். டிக்கெட் திருவனந்தபுரத்தில் இருந்து. சென்னையை விட ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கூட. ரயில், சென்னை டாக்சி, போகிற இடத்தில் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வாங்குகிற அல்வா, எல்லாவற்றையும் கழித்தால் கணக்கு சமமாகிவிட்டது. ராத்திரி ஒன்பதுக்குக் கார். நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வரைக்கும் நாலு வழிச்சாலை, கார் மிதந்து போகும். நாகர்கோவில் தாண்டி மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வருகிற பாதைதான் சோதனை. மொத்தமே 150 கிலோமீட்டர் சொச்சம், அதில் கடைசி 70 கிலோமீட்டர் முதல் 80ஐ விட அதிக நேரம் தின்னும். ராத்திரி என்பதால் எங்களுக்கு மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆனது, பகலில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். நடுவில் நாகர்கோவிலில் டீ.

ஒரு சின்ன விஷயம், ஆனால் காலை வாரிவிடும். அந்த விமான நிலையத்துக்கு இரண்டு பக்கம் வாசல். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் உள்நாட்டு முனையம், ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் சாக்கையில் வெளிநாட்டு முனையம். நம்மூர் டிரைவர்கள் மேப்பில் ஊர் பேரை மட்டும் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், திரும்பச் சுற்றி வரவேண்டும். "சாக்கை, இன்டர்நேஷனல்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை சாமி ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும், அன்று சில மணி நேரம் விமானம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஆனித் தேர் அன்று நம்ம டவுனில் பஸ்ஸைத் திருப்பி விடுவதில்லையா, அது மாதிரிதான், அங்கே விமானத்தைத் திருப்பி விடுகிறார்கள். விமான நிறுவனங்கள் முன்கூட்டியே நேரத்தை மாற்றி அறிவிக்கும், ஆனால் அந்தச் செய்தி டிக்கெட் போட்ட மகளின் மெயிலுக்குப் போகும், நமக்கு வராது. டிக்கெட்டில் உங்கள் நம்பரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாக்கை. நாலு மணிக்கு விமானம். துபாயில் இரண்டு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. இளவட்டங்களுக்குச் சரி, எங்களை மாதிரி அறுபது தாண்டினவர்களுக்கு மூன்று மணி நேரம் இருந்தால் கழிப்பறை போய், முகம் கழுவி, பதறாமல் நடக்கலாம். எங்களைக் காப்பாற்றியது சக்கர நாற்காலி. வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, டிக்கெட் போடும்போதே மகள் அதைக் கேட்டு வைத்திருந்தாள். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. முதல் தடவை "எனக்கென்ன, நான் என்ன நோயாளியா?" என்று வீம்பு பிடித்தவள், இரண்டாம் தடவை தள்ளுகிற பையனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வரிசை எல்லாவற்றையும் தாண்டிப் போனாள், நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அல்வாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். ஸ்கேனரில் அது என்னவாகத் தெரிந்ததோ, வழியில் ஒரு சோதனையில் பையைத் தனியாக எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, ஆளைக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் போய்விட்டது. இரண்டு மணி நேர இடைவெளியில் இருபது நிமிஷம் என்பது பெரிய தொகை. அல்வா, நெய், ஊறுகாய், பேறுகால மருந்துப் பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். அமெரிக்காவில் இறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். பழமும் கறியும்தான் அவர்களுக்கு ஆகாது, நாங்கள் கருப்பட்டி, சுக்கு என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். மறைத்தால்தான் அபராதம்.

பெரும்பாலான ஊர்கள் வழியாகப் போனால், அமெரிக்காவில் முதலில் கால் வைக்கிற ஊரிலேயே குடிவரவுச் சோதனையும் நடக்கும், பெட்டியையும் எடுத்து மறுபடி போடவேண்டும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி மறுபடி ஏறுகிற டிக்கெட் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். பெரியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் அதை வாங்காதீர்கள். பிள்ளை இருக்கிற ஊரிலேயே நேரே போய் இறங்குகிற மாதிரி, நடுவில் ஒரே இறக்கம், அது போதும்.

எங்கள் சம்பந்தி கதையையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஸ்ரீவைகுண்டம், வாகைக்குளம் விமான நிலையம் அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. "எதுக்கு ராத்திரி பூரா ரயில்ல போவணும், இங்கன ஏறி ஒண்ணர மணி நேரத்துல மெட்ராஸ்" என்று தூத்துக்குடி–சென்னைக்குத் தனியாக ஒரு டிக்கெட் வாங்கினார்கள். சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட். நடுவில் ஐந்து மணி நேரம் விட்டிருந்தார்கள், நல்ல இடைவெளிதான். அன்றைக்கென்று மழை, சென்னையில் இருந்து வரவேண்டிய விமானம் நாலு மணி நேரம் தாமதம். அங்கே போய்ப் பெட்டியை எடுத்து வெளிநாட்டு முனையத்துக்கு வந்தால் கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. முதல் நிறுவனம் "உங்களை சென்னையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்றது. இரண்டாவது நிறுவனம் "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்றது. இரண்டு பேரும் சொன்னது சட்டப்படி சரி, நஷ்டம் சம்பந்திக்கு. இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேரே போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் ஒரு நாள் முன்னாலேயே சென்னைக்குப் போய்விடுங்கள். என்னுடைய 21 மணி நேரக் காத்திருப்பைத் திட்டினேன் இல்லையா, அதற்கு இப்படி ஒரு பக்கமும் இருக்கிறது, ரயிலும் தனி டிக்கெட்தானே.

திரும்பி வந்தது டிசம்பரில், சிங்கப்பூர் வழியாக. மைத்துனர் மகன் அங்கே இருக்கிறான், "அத்தையும் மாமாவும் இங்க ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான், விசாவும் எடுத்துக் கொடுத்தான். இந்தப் பாதையில் காற்றின் வேலையைப் பார்த்தேன். சிங்கப்பூரில் இருந்து சான் பிரான்சிஸ்கோ போகப் பதினாலரை, பதினைந்து மணி நேரம். திரும்பி வரப் பதினேழு. தூரம் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கே இருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, குளிர்காலத்தில் பசிபிக் மேலே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் போகும். போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பந்தலில் வேலை பார்த்த காலத்தில் ஆடி மாசக் காற்றில் காவல்கிணறில் இருந்து ஆரல்வாய்மொழிக்குச் சைக்கிள் மிதித்தவன் நான். போகும்போது நின்று மிதித்தாலும் வண்டி நகராது, வேட்டி கழுத்துக்கு வரும். வரும்போது பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதும், காற்றே கொண்டுவந்து விட்டுவிடும். அதனால் டிக்கெட் பார்க்கும்போது போகிற நேரத்தை வைத்து வருகிற நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஏறினோம். சிங்கப்பூரில் இறங்கியது ஞாயிறு காலை ஏழரைக்கு. ஜூனில் போகும்போது பொழுதே அடையவில்லை, டிசம்பரில் வரும்போது இறங்கப் போகிற வரைக்கும் பொழுதே விடியவில்லை, ஒரே இருட்டு, ராத்திரி கூடவே வந்தது. நடுவில் பசிபிக் கடலில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது சனிக்கிழமையைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டம்மா பல வருஷமாகச் சனிக்கிழமை விரதம். "வெள்ளிக்கிழம ராத்திரி சாப்பிட்டேன், ஞாயித்துக்கிழம காலைல காப்பி குடிக்கேன், நடுவுல சனிக்கிழமையே வரலையே, இது விரதம் இருந்த கணக்கா இல்லாத கணக்கா?" என்று கேட்டாள். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை அவள் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும், அவள் பங்கு தயிரையும் நான்தான் சாப்பிட்டேன். "பெருமாள் வாட்சும் எச்.எம்.டி.யாத்தான் இருக்கும், நம்மூர் நேரத்துக்கு இருந்தா போதும்" என்று சொல்லி வைத்தேன்.

மாத்திரைக்கும் இதே முறையைத்தான் வைத்துக்கொண்டோம். எனக்கு பிரஷர் மாத்திரை, அவளுக்கு சர்க்கரை மாத்திரை. எங்கள் டாக்டர், வழியில் நம்மூர் நேரப்படியே போடுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு அங்கத்து நேரத்துக்கு மெல்ல மாற்றிக்கொள்ளலாம் என்றார். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடமே நேர அட்டவணை எழுதி வாங்கிவிடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கவேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு. பதினாறு மணி நேரம் கால் தொங்கினால் வீங்கும், முதல் தடவை இறங்கும்போது வீட்டம்மாவுக்குச் செருப்பு நுழையவில்லை. நடைபாதை ஓரத்து இருக்கை கேட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். பின்னால் பணிப்பெண்கள் நிற்கிற இடத்தில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், அதுவே நடப்பதற்கு ஒரு சாக்கு.

வாகைக்குளத்தில் இப்போது ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். வீட்டில் இருந்து முக்கால் மணி நேரம். அங்கிருந்து என்றைக்காவது நேரே சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஒரு விமானம் விட்டால் என் 32 என்பது 29 ஆகிவிடும் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் சாக்கைதான். அடுத்த ஜூனுக்கு மகள் டிக்கெட் அனுப்பிவிட்டாள், துபாயில் மூன்றேகால் மணி நேரம் இடைவெளி. காரை ஒன்பதுக்கு இல்லை, எட்டரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன், வள்ளியூரில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்கிறாள் வீட்டம்மா. அன்றைக்குக் கிழமை என்ன என்று மட்டும் முதலில் பார்த்துக்கொண்டாள்.